பதில்: ரிசர்வ் விலை எட்டாத பேப் ரூத் பந்து

பழைய அமெரிக்க பேஸ்பால் வீரர் பேப் ரூத்தின் பந்தை ஏலம் விட்டேன், ரிசர்வ் (இதற்குக் கீழே விற்க மாட்டேன் என்று வைக்கும் விலை) 40,000 டாலர், ஏலம் 31,000-இல் நின்றுவிட்டது, அடுத்த மாதமே மறுபடி ஏலத்துக்கு விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். இந்தச் சந்தையில் வாங்குபவர்கள் கொஞ்சம் பேர்தான். விற்காமல் திரும்பிய பொருளை நன்றாக நினைவில் வைத்திருப்பார்கள்.

முதலில் அந்த 31,000 நிஜமா என்று பாருங்கள். ரிசர்வ் தொகையைத் தொடும்வரை விற்பவர் சார்பில் ஏல நிறுவனமே விலையை ஏற்றிக் கேட்டுக்கொண்டு போவது அமெரிக்காவில் வழக்கம். விதிமுறையில் சின்ன எழுத்தில் இருக்கும். "வெளி ஆள் கேட்ட அதிகபட்சத் தொகை எவ்வளவு?" என்று நேரடியாகக் கேளுங்கள். அது 28,000 என்றால் பந்தின் இன்றைய விலை அதுதான். அந்த ஆளிடமே நிறுவனம் மூலம் பேசிப் பார்க்கலாம். அப்புறம், ரிசர்வ் என்பது பொதுவாகச் சுத்தியல் விலையை, அதாவது ஏலம் முடியும்போது கடைசியாகக் கேட்ட தொகையைப் பொறுத்தது. வாங்குபவர் அதற்கு மேல் 20 சதவீதம் போலக் கமிஷன் கட்டுவார். நீங்கள் பார்த்து ரிசர்வ் வைத்த பழைய விற்பனை விலைகளில் அந்தக் கமிஷனும் சேர்ந்திருக்கும். பலர் சறுக்குவது இங்கேதான்.

பேஸ்பால் வீரர் ஆரன் ஜட்ஜ் ஒரே சீசனில் அடித்த 62-ஆவது ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) பந்து ஞாபகம் இருக்கிறதா? 2022-இல் அதைப் பிடித்த ரசிகர் 30 லட்சம் டாலருக்குக் கேட்டும் விற்க மறுத்தார். டிசம்பர் ஏலத்தில் கமிஷனோடு சேர்த்தே 15 லட்சம்தான் போனது.

பொருள் விற்காமல் போனால் ஏல நிறுவனத்துக்கு நீங்கள் கட்டணம் கட்ட வேண்டுமா என்று ஒப்பந்தத்தில் பார்த்துவிட்டீர்களா?