அம்மான் தந்த வால்வு ஆம்பிளிஃபையர்: வைத்துக்கொள்வதா, விற்பதா?

காரைக்குடி செக்காலைப் பகுதியில் மாடி வீடொன்றில் வாடகைக்குக் குடியிருக்கும் வாசகர் ஒருவர் ஆலோசனை கேட்டிருக்கிறார். சிங்கப்பூரில் வேலை பார்த்த அவருடைய அம்மான், 2005ஆம் ஆண்டு வாக்கில் அங்கே புதிதாக வாங்கிய ஃபெண்டர் ஹாட் ராட் டீலக்ஸ் என்னும் வால்வு (டிரான்சிஸ்டருக்குப் பதில் வெற்றிடக் கண்ணாடிக் குழல்களால் ஒலியைப் பெருக்கும்) கிட்டார் ஆம்பிளிஃபையரை ஊர் திரும்பும்போது கொண்டுவந்து, கானாடுகாத்தானில் உள்ள பூர்வீக வீட்டில் வைத்துவிட்டார். ஆறு ஆண்டுகளாக அதை யாரும் தொடவில்லை. "வேண்டுமென்றால் வாசி, இல்லையென்றால் விற்றுக்கொள்" என்று சொல்லி இப்போது மருமகனிடமே கொடுத்துவிட்டார். வாசகர், குழந்தை உறங்கிய பிறகு இரவில் ஒரு மணி நேரம் கிட்டார் வாசிப்பவர். திருவிழாக் காலத்தில் நாலைந்து மேடைகளில் மெல்லிசைக் குழுவோடு போகிறவர். முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடை வைத்திருப்பவர் ஒருவரும், மதுரையைச் சேர்ந்த கிட்டார் கலைஞர் ஒருவரும் ஆளுக்கொரு விலை சொல்லியிருக்கிறார்கள். வைத்துக்கொள்வதா, விற்பதா, அதற்கு முன் ஒருமுறை ஓடவிட்டுப் பார்க்கலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

கடைசிக் கேள்விக்குத்தான் முதலில் விடை சொல்ல வேண்டும்: இப்போதைக்கு அதை மின் இணைப்பில் செருகாதீர்கள். இந்தக் கருவியின் உள்ளே, வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மின்சாரம் மேலும் உயர்த்தப்பட்டு, நேர்மின்னோட்டமாக மாற்றப்பட்டு, ஏறத்தாழ 420 வோல்ட் அழுத்தத்தில், ஸ்பீக்கரை இயக்கும் வெளியீட்டு வால்வுகளுக்குப் போகிறது. அந்த அழுத்தத்தை ஏற்ற இறக்கமில்லாமல் நிரவித் தருபவை எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர்கள். அவற்றில் அலுமினியத் தகட்டின் மேல் மின்வேதி முறையில் உருவாக்கப்பட்ட மிக மெல்லிய ஆக்சைடு படலம்தான் மின்காப்பாக நிற்கிறது. ஆண்டுக்கணக்கில் மின்னழுத்தமே படாமல் கிடந்தால் அந்தப் படலம் நலிந்துபோகும், உள்ளிருக்கும் ஈரமும் உலர்ந்துவரும். (1948இல் அடிக்கல் நாட்டப்பெற்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கும் ஊர்க்காரருக்கு நான் இதை விளக்குவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதுதான்.) இந்த நிலையில் முழு அழுத்தத்தை ஒரேயடியாகக் கொடுத்தால் கண்டென்சர் வெடிக்கலாம், அது போகும்போது மின்மாற்றியையும் சேர்த்துக்கொண்டு போனால், பழுதுபார்க்கும் செலவு கருவியின் விலையையே எட்டிப்பிடிக்கும்.

பழைய வால்வு ரேடியோக்களில் கைபழகிய மெக்கானிக் ஒருவரிடம் அதைக் கொண்டுபோங்கள். அவர் 100 வாட் குண்டு பல்பைக் கடந்தே மின்சாரம் கருவிக்குப் போகும்படி அமைத்த சீரிஸ் போர்டு வழியாகத்தான் முதன்முதலில் மின்சாரம் கொடுப்பார். உள்ளே எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு முழுப் பிரகாசத்தில் எரிந்து தகவல் சொல்லும், கருவி தப்பிக்கும். வேரியாக் (மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மின்மாற்றி) வைத்திருப்பவராக இருந்தால் அழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றி, கண்டென்சர்களின் படலம் மீண்டும் உருவாக நேரம் கொடுப்பார். எப்படியிருந்தாலும் இருபது ஆண்டுகளை நெருங்கிய எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர்களை மாற்றிவிடுவதே நல்லது என்பது என் கருத்து. பின்பலகையை நீங்களே கழற்றி உள்ளே கைவைக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்தக் கண்டென்சர்களில் உயிரைப் பறிக்கும் அளவுக்கு மின்னூட்டம் தங்கியிருக்கலாம். செட்டிநாட்டு வீடுகளில் பூட்டிக்கிடக்கும் அறைகளை அறிந்தவன் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன்: பல்லியும் குளவியும் குடியேற, பின்புறம் திறந்த இந்தப் பெட்டியைப் போல வசதியான இடம் வேறில்லை. சர்க்யூட் போர்டின் மேல் பல்லி எச்சமோ குளவிக் கூடோ இருந்தால் அதைச் சுத்தம் செய்த பிறகே மின்சாரம் என்று மெக்கானிக்கிடம் சொல்லிவிடுங்கள். பெட்டியின் அடிப்பலகையைக் கரையான் தொட்டிருக்கிறதா என்றும் தட்டிப் பாருங்கள்.

சிங்கப்பூரிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்பதால் மின்மாற்றி வேறு வாங்கத் தேவையில்லை. ஆனாலும் பின்புறத்தில் அச்சிட்டிருக்கும் வோல்ட் எண்ணை ஒருமுறை படித்து உறுதிசெய்துகொள்ளுங்கள். அமெரிக்காவிலிருந்து வந்ததாக இருந்தால் அது 120 வோல்ட் கருவியாக இருக்கும், கதையே வேறு. பிளக்கின் முனைகள் செவ்வகமாக இருப்பதைப் பார்த்துப் பயணிகள் பயன்படுத்தும் மலிவான அடாப்டரைச் செருகிவிடாதீர்கள். அவற்றில் பலவற்றில் எர்த் இணைப்பே இருப்பதில்லை. கிட்டாரின் தந்திகள் ஆம்பிளிஃபையரின் எர்த்தோடு இணைந்தவை. எர்த் இல்லாத கருவியில் பழுது ஏற்பட்டால் அந்த மின்சாரம் உங்கள் விரல்களைத்தான் தேடி வரும். நம் ஊர் மூன்று முனை பிளக்கை முறையாகப் பொருத்தச் சொல்லுங்கள். கருவி ஓடும்போது ஸ்பீக்கர் இணைப்பு கழன்றிருக்கவே கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள். சுமையில்லாமல் ஓடும் வால்வு ஆம்பிளிஃபையர் தன் வெளியீட்டு மின்மாற்றியைத் தானே கெடுத்துக்கொள்ளும்.

இனி மூலக் கேள்விக்கு வருவோம். ஹாட் ராட் டீலக்ஸ் 1996இல் சந்தைக்கு வந்தது. இரண்டு 6எல்6 வெளியீட்டு வால்வுகள், கிட்டாரின் ஒலியை முதலில் பெருக்கும் மூன்று 12ஏஎக்ஸ்7 முன்னிலை வால்வுகள், 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்று, 40 வாட் ஆற்றல், ஏறத்தாழ 20 கிலோ எடை. உழைக்கிற கலைஞனுக்காக ஆயிரக்கணக்கில் செய்யப்பட்ட, செய்யப்பட்டுவருகிற, நம்பகமான கருவி. 1960களில் கையால் கம்பி இணைத்துச் செய்த ஆம்பிளிஃபையர்களைச் சேகரிப்பாளர்கள் தேடுவதுபோல இதை யாரும் தேடப்போவதில்லை. ஆகவே "வைத்திருந்தால் விலை ஏறும்" என்று காத்திருப்பதில் பொருளில்லை. வாசித்தால்தான் அதற்கு மதிப்பு. சும்மா கிடக்கும் ஒவ்வோர் ஆண்டும் பழுதுச் செலவைத்தான் கூட்டும். பழம்பொருள் கடைக்காரர் சொன்ன விலையை மறந்துவிடுங்கள். அவர் தேக்குப் பெட்டி வால்வு ரேடியோவை எடைபோடுவதுபோல இதன் தோற்றத்தை எடைபோடுகிறார். ஓடுகிற ஆம்பிளிஃபையருக்கும் ஓடாததற்கும் உள்ள வேறுபாடு அவருக்குத் தேவையில்லாதது.

அப்படியானால் நீங்கள் வாசிப்பீர்களா? இங்கேதான் நிறைய யோசிக்க வேண்டியிருக்கிறது. வால்வின் இனிமை என்று கிட்டார்க்காரர்கள் போற்றுவது, பெரும்பாலும் அதன் எல்லையை நெருங்கி ஓட்டும்போது பிறப்பது. டிரான்சிஸ்டர் தன் எல்லையில் ஒலியலையைச் சட்டென்று வெட்டிவிடும். வால்வு அதை மெல்ல வளைத்து அமுக்கும். விரலை அழுத்தி வாசித்தால் உறுமுவதும், மென்மையாகத் தொட்டால் தெளிவதும் அதனால்தான். ஆனால் 40 வாட் கருவியை அதன் எல்லைக்குக் கொண்டுபோவது எளிதல்ல. வாட் கணக்கு மயக்கக்கூடியது: 40 வாட்டை 20 ஆக்கினால் ஓசை பாதியாவதில்லை, 3 டெசிபல் மட்டுமே குறையும், காதுக்குப் பாதியாகத் தோன்ற வேண்டுமானால் ஆற்றல் பத்தில் ஒன்றாக, அதாவது 4 வாட்டாக இறங்க வேண்டும். 12 அங்குல கிட்டார் ஸ்பீக்கர்கள் பல, ஒரே ஒரு வாட் கொடுத்தாலே ஒரு மீட்டர் தொலைவில் 97 முதல் 100 டெசிபல் வரை ஒலிக்கும். இயல்பான பேச்சு 60 டெசிபல் அளவில் இருக்கிறது. குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை, 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் அனுமதிக்கும் வரம்பு 45 டெசிபல். உறங்கும் குழந்தையையும் கீழ்வீட்டுக்காரரையும் வைத்துக்கொண்டு நீங்கள் வால்யூம் குமிழை 1க்கும் 2க்கும் நடுவில் மயிரிழையாகத் திருகிக்கொண்டிருப்பீர்கள். அங்கே கேட்பது வெளியீட்டு வால்வுகள் விழித்துக்கொள்ளாத ஒலி.

ஒரு சிறிய வழி உண்டு. இந்தக் கருவியின் முன்பகுதிக்கும் வெளியீட்டுப் பகுதிக்கும் நடுவே, வெளிக்கருவிகளை இணைப்பதற்கென்று இரண்டு துளைகள் உள்ளன. அவற்றுக்கிடையே ஒரு வால்யூம் பெடலை வைத்தால் முன்னிலை வால்வுகளைச் சற்று ஏற்றி ஓட்டிக்கொண்டு ஓசையைக் குறைக்கலாம். பலனுண்டு, ஆனால் இரவு வாசிப்புக்கு அதுவும் போதாது. உங்கள் ஒரு மணி நேரத்துக்கு ஹெட்ஃபோன் துளையுள்ள சிறிய டிஜிட்டல் ஆம்பிளிஃபையரே பொருத்தம். பாஸ் கட்டானா 50 போன்றவற்றில் ஆற்றலை அரை வாட்டுக்கு இறக்கும் வசதியும் இருக்கிறது. வால்வு அன்பர்கள் இதைக் கேட்டு முகம் சுளிப்பார்கள். அவர்களுக்கு மாடி வீட்டில் கைக்குழந்தை இல்லை.

மேடையைப் பொறுத்தவரை, நம் பகுதி மெல்லிசைக் குழுக்களில் கிட்டார் பெரும்பாலும் ப்ராசஸர் (ஒலியை மாற்றித் தரும் மின்னணுப் பெட்டி) வழியாக நேரே மிக்ஸருக்குப் போகிறது, ஒலியமைப்பாளரும் அதையே விரும்புகிறார் என்பது உங்களுக்கே தெரியும். 20 கிலோ பெட்டியை வேனில் ஏற்றி, மேடையில் அதற்கு முன் தனியாக ஒரு மைக் வைக்கச் சொல்லி, ஜெனரேட்டர் மின்சாரம் தடுமாறும்போதெல்லாம் வால்வுகளுக்காகக் கவலைப்பட்டு, ஆண்டுக்கு ஐந்து முறை செய்யும் வேலையா இது?

பராமரிப்பைப் பற்றி அஞ்சும்படி எதுவுமில்லை, ஆனால் அது ஓயாது. முன்னிலை வால்வுகள் பல ஆண்டுகள் உழைக்கும், பழுதானால் மாற்றுவது எளிது. வெளியீட்டு வால்வுகள் தேய்பவை. பொருத்தம் பார்த்த இணையாக வாங்கி, பொருத்திய பின் பயாஸ் (வால்வு வழியே ஓடும் அடிப்படை மின்னோட்டத்தின் அளவு) சரிசெய்ய வேண்டும், அது மெக்கானிக்கின் வேலை. ஒரு காலத்தில் பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனமே வால்வு செய்தது. இன்று புது வால்வுகள் முக்கியமாக ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனா ஆகிய நாடுகளிலிருந்து வருகின்றன, ஆகவே விலையும் கிடைப்பதும் நம் கையில் இல்லை. இந்த மாடலில் மிகுதியாகச் சூடேறும் 5 வாட் ரெசிஸ்டர்கள் இரண்டு உண்டு. அவற்றின் அடியில் போர்டு கருத்து, ஈயப்பற்று விரிசல் விட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

ஆகவே விற்றுவிடுங்கள் என்பதே என் விடை. ஒரே ஒரு நிலையில் மட்டும் அதை மாற்றிக்கொள்வேன்: கானாடுகாத்தான் வீட்டின் சாவி உங்களுக்குக் கிடைத்து, மாதம் ஒரு பகல்பொழுதாவது அங்கே போய் வாசிக்க முடியுமென்றால் வைத்துக்கொள்ளுங்கள். வானம் பார்த்த வளவில் (நடுமுற்றத்தில்) ஓசை அடைபடாமல் மேலே போய்விடும்; ஆத்தங்குடிக் கல் பதித்த தரையும் பளபளப்பான சுண்ணச் சுவரும் ஒலியைக் கூராக எதிரொலிக்கும் என்பதால் பெட்டிக்கு முன்னால் ஜமுக்காளம் ஒன்றை விரித்தால் போதும். மாதம் ஒருமுறை ஓடுகிற கருவியில் கண்டென்சரும் நலமாக இருக்கும்.

விற்பதானால் பழுதுபார்த்த பிறகு விற்கவும். ஓடாத கருவிக்கு வாங்குபவர் மிக மோசமான பழுதை மனத்தில் வைத்தே விலை சொல்வார். மதுரைக்காரர் சொன்ன விலையும் அந்தக் கணக்கில் வந்ததாகவே இருக்கும். மாற்றிய உதிரிகளின் ரசீதுகளை எடுத்துவையுங்கள். அவரைத் தம் கிட்டாரோடு நேரில் வரச்சொல்லி, அரை மணி நேரம் சூடேறும்வரை வாசிக்கச் செய்யுங்கள், ஏனெனில் வால்வுக் கருவியின் பல கோளாறுகள் சூடேறிய பிறகே வெளிப்படும். அப்போது கண்ணாடிக் குழலின் மேல் நீல ஒளி தெரிந்தால் அது இயல்பானது. உள்ளிருக்கும் தகடே சிவந்து ஒளிர்ந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். மதுரைக்காரரோடு விலை ஒத்துவராமல் சென்னை, பெங்களூரு, கொச்சி என்று வெளியூருக்கு விற்க நேர்ந்தால், முழுதும் ஆறிய பிறகு மெக்கானிக்கைக் கொண்டு வால்வுகளைக் கழற்றி, எது எந்த இடத்தில் இருந்தது என்று எண் ஒட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனியே பஞ்சில் சுற்றி வேறு பெட்டியில் அனுப்புங்கள்.