பதின்வயதினரைப் பற்றிய உளவியல் த்ரில்லர் படங்களில் உங்களை மிகவும் உலுக்கிய படம் எது? ஏன்?

யோசிக்கவே வேண்டாம், ‘ஹெவன்லி கிரீச்சர்ஸ்’தான். 1994இல் வந்த நியூசிலாந்துப் படம். பின்னாளில் ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ எடுத்த பீட்டர் ஜாக்சன் இயக்கியது.

உண்மையில் நடந்த கதை. 1954 ஜூன் 22, கிறைஸ்ட்சர்ச் நகரின் விக்டோரியா பூங்கா. 16 வயது பாலின் பார்க்கரும் 15 வயது ஜூலியட் ஹியூமும் சேர்ந்து பாலினின் அம்மாவை, காலுறைக்குள் போட்ட செங்கல்லால் அடித்தே கொன்றார்கள். ஜூலியட்டைத் தென்னாப்பிரிக்காவுக்கு அனுப்ப ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. தானும் கூடப் போவதற்கு அம்மாதான் தடை என்று பாலின் நம்பிவிட்டாள்.

இதையெல்லாம் படம் ஒளித்துவைப்பதில்லை. தொடக்கத்திலேயே இரண்டு பெண்களும் ரத்தம் தெறித்த முகத்தோடு அலறிக்கொண்டு ஓடி வருகிறார்கள். யார் செய்தது, என்ன ஆனது என்ற கேள்விக்கே இடமில்லை. அப்புறம் அவர்கள் எப்படிச் சந்தித்தார்கள் என்று காட்டத் தொடங்குகிறார்கள், அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். சிறுவயதில் பாலினுக்குக் காலில் எலும்பு நோய், ஜூலியட்டுக்கு நுரையீரல் நோய். தழும்பைக் காட்டிக்கொண்டே நெருக்கமாகிறார்கள். போரோவ்னியா என்று ஒரு ராஜ்ஜியத்தைக் கற்பனையில் கட்டுகிறார்கள், அதன் அரச குடும்பத்தைக் களிமண்ணில் பிடிக்கிறார்கள். பத்தாவது படிக்கும்போது நானும் என் தோழியும் ஒரு நோட்டு நிறைய இப்படி ஒரு ஊரை எழுதிவைத்திருந்தோம். அவள் அப்பாவுக்கு மாற்றல் வந்தபோது நான் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அதனால் இந்தப் பெண்களை வெறுக்க என்னால் முடியவில்லை. கடைசியில் என்ன நடக்கும் என்று தெரிந்துகொண்டே அவர்களோடு சிரிப்பதுதான் இந்தப் படத்தில் எனக்குப் பயமாக இருந்தது.

இதற்குப் பெரிய காரணம் ஜாக்சனோடு சேர்ந்து திரைக்கதை எழுதிய அவருடைய துணைவி ஃபிரான் வால்ஷ். அதுவரை ஜாக்சன் எடுத்தவை ‘பிரெயின்டெட்’ மாதிரி ரத்தக் களரியான பேய்ச் சிரிப்புப் படங்கள். இந்தக் கதையை எடுக்கலாம் என்று அவரை இழுத்துவந்தவர் வால்ஷ்தான். பாலினின் நாட்குறிப்பு நீதிமன்றத்தில் சாட்சியமாக வைக்கப்பட்டது. படத்தில் பின்னணிக் குரலாக ஒலிப்பது அவள் எழுதிய அந்த வரிகளே. கொலை நாளுக்கு அவள் அதில் வைத்த தலைப்பு ‘மகிழ்ச்சியான நிகழ்வு நாள்’. வழக்கு, தீர்ப்பு எல்லாம் கடைசியில் எழுத்தாக மட்டும் வருகிறது. இருவரும் சிறுமிகள் என்பதால் தூக்கு இல்லை, ஐந்து ஆண்டுக்குப் பின் விடுதலை.

ஜூலியட்டாக வருபவர் கேட் வின்ஸ்லெட், அவருடைய முதல் திரைப்படம். பாலினாக மெலனி லின்ஸ்கி, அவருக்கும் அதுவே முதல் படம். நியூ பிளிமத் ஊரில் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தவரைத் தேடிக் கண்டுபிடித்தவர் வால்ஷ். வின்ஸ்லெட் பெரிய நட்சத்திரமாகிவிட்டார், சரி. ஆனால் எனக்கு இது லின்ஸ்கியின் படம். தலையைக் குனிந்து புருவத்துக்குக் கீழிருந்து ஒரு பார்வை பார்ப்பார், அதிலேயே வீட்டின் மேல் அவளுக்கிருக்கும் கசப்பு முழுவதும் வந்துவிடும். களிமண் பொம்மைகள் ஆளுயரத்துக்கு எழுந்து நடமாடும் காட்சிகளுக்காக உழைத்த வேட்டா என்ற சிறப்புக் காட்சிக் கலைஞர்களின் குழுதான் பின்னால் உலகப் புகழ் பெற்றது.

படம் வந்த அதே ஆண்டில் இன்னொரு செய்தியும் வெடித்தது. பிரபலத் துப்பறியும் நாவலாசிரியர் ஆன் பெரிதான் அந்த ஜூலியட் என்று தெரியவந்தது. அவர் 2023இல் காலமானார்.

பார்ப்பதாக இருந்தால் ஒருவரைக் கட்டாயம் கவனியுங்கள்: அம்மா ஹொனோராவாக நடித்த சாரா பியர்ஸ். மகளின் கண்ணுக்கு அவர் கொடுமைக்காரி. நமக்குத் தெரிவதோ, கைக்காசை எண்ணிக் குடும்பம் நடத்தும் களைத்துப்போன ஒரு பெண். கொலைக்குக் கொஞ்சம் முன்னால் மூவரும் தேநீர்க் கடையில் உட்கார்ந்திருக்கிறார்கள். தட்டில் மிச்சமிருக்கும் கேக்கை நீங்களே சாப்பிடுங்கள் என்று பெண்கள் சொல்ல, அவரும் ஆசையாக எடுத்துக்கொள்கிறார். அப்புறம் மேல்கோட்டை மாட்டிக்கொண்டு அவர்களோடு பூங்காப் பாதையில் இறங்குகிறார். பின்னணியில் இத்தாலிய இசையமைப்பாளர் புச்சீனியின் ஓபராவிலிருந்து (இசை நாடகம்), சொற்களே இல்லாத அந்த முணுமுணுப்புப் பாட்டு. நான் அங்கே நிறுத்திவிட்டேன். மீதியை மறுநாள் பகலில்தான் பார்த்தேன்.