ஆண் மார்பகக் குறைப்பு அறுவை சிகிச்சைக்கு முன்: மருத்துவரிடம் சில கேள்விகள்

இராமநாதபுரம் கடலோர ஊர்களைச் சேர்ந்தவர்கள் கேட்ட கேள்விகளுக்கு, அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற அறுவை சிகிச்சை மருத்துவர் ஒருவர் பதிலளிக்கிறார்.

தங்கச்சிமடம்: ஐயா, எனக்கு வயது 24. விசைப்படகில் தொழிலுக்குப் போகிறேன். எட்டாம் வகுப்பிலிருந்தே மார்பு பெரிதாக இருப்பதால் எவ்வளவு வெக்கையிலும் சட்டையைக் கழற்றுவதில்லை. நேரடியாக அறுவை சிகிச்சைக்குப் போகலாமா?

போகலாம், தம்பி. ஆனால் மார்பில் இருப்பது சுரப்பியா, வெறும் கொழுப்பா என்பது முதலில் தெரிந்தாக வேண்டும். மல்லாந்து படுக்கவைத்து, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் மார்பின் இருபுறத்திலிருந்தும் காம்பை நோக்கி மெல்ல நெருக்கிப் பார்ப்போம். காம்புக்கு நேர் அடியில் ரப்பர் வில்லை போல வட்டமாக ஒன்று தட்டுப்பட்டால் அது சுரப்பித் திசு. தடை எதுவுமின்றி விரல்கள் காம்புவரை வந்து சேர்ந்தால் கொழுப்பு. கொழுப்பு எடை குறையும்போது குறையக்கூடும். சுரப்பித் திசு எந்த உடற்பயிற்சிக்கும் கரையாது. பருவ வயதில் வரும் வீக்கம் பெரும்பாலும் இரண்டு ஆண்டுகளுக்குள் தானாகவே வடிந்துவிடும் என்பதால் பள்ளி செல்லும் பிள்ளைகளுக்கு நாங்கள் அவசரப்பட்டுக் கத்தி வைப்பதில்லை. நெடுநாள் நிலைத்துவிட்ட திசுவோ நாராக இறுகிவிடும். அதற்கு மாத்திரை பயன்படாது. உங்களுக்குச் சுரப்பித் திசுதான் என்று உறுதியானால் அறுவை சிகிச்சையே வழி. பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் நான்கு வாரம் முன்பே விட்டுவிடுங்கள். புகை காயம் ஆறுவதைக் கெடுக்கும். நான்கு முதல் ஆறு வாரம் வலை இழுக்கவோ ஐஸ் பெட்டி தூக்கவோ கூடாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தின் தொடக்கத்தில் செய்துகொண்டால் இதற்கென்று தனியாகத் தொழிலை விட வேண்டியிருக்காது.

கீழக்கரை: வளைகுடாவில் வேலை செய்கிறேன். அங்கே ஜிம்மில் சொன்னதைக் கேட்டு ஊசி போட்ட பிறகுதான் மார்பு வீங்கியது. ஒரு மாத விடுப்பில் முடித்துவிட முடியுமா?

தசை வளர்க்கும் ஸ்டீராய்டு ஊசியின் ஒரு பகுதி உடலுக்குள் பெண் ஹார்மோனாக மாறுகிறது. வீக்கத்துக்குக் காரணம் அதுதான். ஊசியை நிறுத்தாமல் அறுவை செய்தால் மீண்டும் வளரலாம் என்பதால், வெட்கப்பட்டு மருத்துவரிடம் மறைக்காதீர்கள். நிறுத்தியபின் ஹார்மோன், தைராய்டு, கல்லீரல் பரிசோதனைகளைச் செய்து பார்க்க வேண்டும். விரைப்பையையும் பரிசோதிக்க வேண்டும், ஏனெனில் அங்குள்ள கட்டியும் சில சமயம் இவ்வாறு வெளிப்படும். விடுப்பின் முதல் வாரத்திலேயே அறுவை நடந்தால்தான் காயத்தில் நீர் வடிய வைக்கும் குழாயை எடுத்து, காயத்தைப் பார்த்து அனுப்ப அவகாசம் கிடைக்கும். விமானச் சீட்டை அறுவை செய்பவரிடம் கேட்டபின் எடுங்கள்.

தேவிபட்டினம்: என் அத்தாவுக்கு வயது 62. ஒரு பக்கம் மட்டும் கல் போலக் கட்டி இருக்கிறது. இதையும் அழகுக்கான அறுவையாகச் செய்துவிடலாமா?

கூடாது. ஒரு பக்கம் மட்டும் கெட்டியாக இருப்பது, காம்பு உள்ளிழுக்கப்படுவது, இரத்தம் கசிவது, அக்குளில் நெறி கட்டுவது ஆகியவை புற்றுநோயின் அறிகுறிகளாக இருக்கலாம். மார்பகப் புற்றுநோயாளிகளில் ஆண்கள் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. அதனாலேயே ஆண்கள் காலம் கடந்து வருகிறார்கள். இந்த வாரமே அழைத்துச் சென்று மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) அல்லது ஸ்கேன், தேவைப்பட்டால் ஊசி வழி திசுப் பரிசோதனை செய்யுங்கள். அவர் சாப்பிடும் மாத்திரைச் சீட்டுகளையும் கொண்டுபோங்கள். நீர் பிரியக் கொடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மருந்துகளாலும் மார்பு வீங்கும்.

தொண்டி: தழும்பு பெரிதாக இருக்குமா? ஆபத்து என்ன?

கொழுப்பைச் சிறு துளை வழியே உறிஞ்சி, சுரப்பியைக் காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் கீழ் விளிம்பில் கீறி எடுப்பார்கள். தழும்பு அந்த விளிம்போடு பெரும்பாலும் மறைந்துவிடும். தழும்பு தடித்து வளரும் உடல்வாகு இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். காம்புக்கு அடியில் சிறிதளவு திசுவை விட்டுவைக்க வேண்டும். மொத்தமாகச் சுரண்டினால் அங்கே குழி விழும். மரத்துப்போதல் சில மாதங்களில் குறையும், சிலருக்கு நிலைத்தும் விடலாம். நான் அதிகம் கவலைப்படுவது முதல் நாள் இரத்தக்கட்டைப் பற்றித்தான். ஒரு பக்கம் திடீரென உப்பி, இறுகி, வலித்தால் உடனே திறந்து பார்க்க வேண்டியிருக்கும். மதுரையில் அறுவை செய்துகொண்ட அன்றே ஊர் திரும்பாமல் ஓரிரு இரவு அங்கேயே தங்குங்கள்.

பாம்பன்: காப்பீட்டில் பணம் கிடைக்குமா?

அழகு சிகிச்சை என்று சொல்லிப் பல நிறுவனங்கள் மறுத்துவிடுகின்றன. முன்னதாகவே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தனியார் மருத்துவமனைக்குப் போகும் முன் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஒருமுறை காட்டிவிடுங்கள். எங்கே செய்தாலும் எடுத்த திசுவைப் பரிசோதனைக்கு அனுப்புவார்களா என்று கேளுங்கள்.

ஏர்வாடி: சங்கு குளிக்கப் போகிறவன் நான். எப்போது கடலில் இறங்கலாம்?

காயம் முழுவதும் மூடும்வரை கடல்நீர் படக் கூடாது. மூச்சடக்கி மூழ்குவதும் துடுப்பு வலிப்பதும் மார்புத் தசைக்கு முழு வேலை என்பதால், ஆறு வாரத்துக்குப் பிறகு மருத்துவர் பார்த்துச் சொன்னபின் இறங்குங்கள். அதுவரை இறுக்கமான அழுத்த பனியனை இரவு பகலாக அணிய வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் அது வியர்வையில் நனைந்து தோலைப் புண்ணாக்கும். ஆகவே இரண்டாக வாங்கி, ஒன்றைத் துவைத்து நன்றாகக் காயவைத்து மாற்றிக்கொள்ளுங்கள்.