நெப்ராஸ்காவின் ஓடும் குவார்ட்டர்பேக்குகள்: யார் முதல்? – கேள்வி பதில்

அமெரிக்கக் கல்லூரி புட்பாலில் (நம் கால்பந்து அல்ல, பந்தைக் கையில் தூக்கி ஆடும் ஆட்டம்) நெப்ராஸ்கா பல்கலைக்கழக அணியான கார்ன்ஹஸ்கர்ஸ் என்றாலே பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் குவார்ட்டர்பேக்குகள்தான் (ஆட்டத்தை நடத்துகிற, வழக்கமாகப் பந்தை எறிகிற ஆட்கள்) நினைவுக்கு வருவார்கள். அவர்களில் யார் பெரியவர் என்று நண்பர்கள் கேட்ட கேள்விகளுக்கு என் பதில்கள் கீழே. சண்டைக்கு வருகிறவர்களும் வரலாம்.

சார், நான் தொழில்முறை லீகான என்எப்எல் மட்டும்தான் பார்ப்பேன். அங்கே குவார்ட்டர்பேக் ஓடுவது பெரும்பாலும் தப்பிக்கத்தான். நெப்ராஸ்காவில் மட்டும் ஏன் ஓட்டமே முழுநேர வேலை?

அங்கே ஓட்டம் தப்பிப்பதற்கு அல்ல, திட்டமே அதுதான். 1973 முதல் 1997 வரை தலைமைப் பயிற்சியாளராக இருந்த டாம் ஆஸ்போர்ன், ஓக்லஹோமாவிடம் வருடா வருடம் அடி வாங்கிய பிறகு அவர்களுடைய ஆயுதத்தையே கையில் எடுத்தார். அதுதான் ஆப்ஷன் ஆட்டம். நவம்பர் குளிரில், அணியின் ஊரான லிங்கன் நகரத்துக் காற்றில் பந்தை எறிந்து பிழைப்பதைவிட இது நம்பகமானதும்கூட.

ஆப்ஷனில் நடப்பது இதுதான். எதிரணியின் ஓரத்தில் நிற்கும் ஒருவரை வேண்டுமென்றே யாரும் தடுக்க மாட்டார்கள். குவார்ட்டர்பேக் பந்தை முதலில் நடுவில் முட்டி ஓடும் ஆளான புல்பேக்கின் வயிற்றில் வைப்பார். நடுவில் வழி இருந்தால் கொடுத்துவிடுவார், இல்லையென்றால் உருவிக்கொண்டு ஓரத்துக்கு ஓடுவார். தடுக்கப்படாத அந்த ஆள் இவர் மேல் பாய்ந்தால், பந்து பக்கத்தில் ஓடிவரும் ரன்னிங் பேக்குக்குப் போகும். அவர் ரன்னிங் பேக்கைக் காக்க நகர்ந்தால், குவார்ட்டர்பேக் தானே வைத்துக்கொண்டு உள்ளே வெட்டுவார். எல்லாம் கண் சிமிட்டும் நேரத்தில். அதனால் இவர்களை ஒப்பிடும்போது கால் வேகம் பாதிதான், எதிராளியின் தோள் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று படிக்கும் கண் மீதிப் பாதி. கபடியில் பாடிப் போகிறவருக்கும் இதே கண்தான் வேண்டும்.

எரிக் க்ரவுச் மொத்தம் 3,434 யார்டு ஓடியிருக்கிறார், 59 டச் டவுன் (பந்தோடு எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டுவது). டாமி ப்ரேஸியர் 1,955 யார்டுதான், 36 டச் டவுன். அப்புறம் இதில் விவாதம் எங்கே இருக்கிறது?

கணக்கு எழுதப்பட்ட விதத்தில் இருக்கிறது. 2002க்கு முன்பு பவுல் ஆட்டங்களில் (சீசன் முடிவில் நடக்கும் சிறப்பு ஆட்டங்கள்) எடுத்த யார்டுகளை, கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பு வீரரின் மொத்தக் கணக்கில் சேர்க்கவில்லை. 1996 ஜனவரியில் ப்ளோரிடாவுக்கு எதிராக ப்ரேஸியர் ஓடிய 199 யார்டு அந்த 1,955இல் கிடையாது. அவர் வாழ்க்கையின் ஆகச் சிறந்த ஆட்டமே கணக்குக்கு வெளியே நிற்கிறது! க்ரவுச்சுக்கும் இதே நஷ்டம் உண்டுதான், ஆனால் ப்ரேஸியர் பேர் வாங்கியதே பவுல் ஆட்டங்களில் என்பதால் அவருக்குத்தான் அடி அதிகம்.

இன்னொன்று, 1995இல் ப்ரேஸியர் பந்தைத் தூக்கியது 97 தடவைதான். எடுத்தது 604 யார்டு, தடவைக்கு 6க்கு மேல். பல ஆட்டங்களில் பாதி நேரத்திலேயே எதிரணி காலியாகிவிடும், இவர் போய் பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார். பந்தைத் தூக்க லாரன்ஸ் பிலிப்ஸ், ஆமன் க்ரீன் போன்ற ஆட்கள் வேறு இருந்தார்கள். க்ரவுச் 2001இல் 203 தடவை ஓடி 1,115 யார்டு எடுத்தார். சுமை அவர் தலையில். அதைக் குறையாகச் சொல்லவில்லை, இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நியாயமில்லை என்கிறேன்.

அண்ணே, 1994இல் ப்ரேஸியர் காலில் ரத்த உறைவு வந்து வெளியே போனார். ப்ரூக் பெரிஞ்சர் வந்து ஜெயித்துக்கொண்டே போனார். அப்படியென்றால் யாரை நிறுத்தினாலும் ஓடும் இயந்திரம்தானே அது?

நல்ல கேள்வி தம்பி, பதில் சொல்லக் கஷ்டமான கேள்வியும்கூட. அந்த அணியின் முன்வரிசை அப்படிப்பட்டது. பெரிஞ்சர் எறிவதில் ப்ரேஸியரைவிட மேல், அமைதியான ஆட்டக்காரர். 1996 ஏப்ரலில் விமான விபத்தில் இறந்துபோனார். நெப்ராஸ்காக்காரர்கள் இன்றைக்கும் அவரைப் பற்றிக் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்கள்.

ஆனால் அந்த சீசன் முடிவில் மியாமிக்கு எதிரான ஆரஞ்சு பவுலைப் பாருங்கள். கடைசிக் கால்பகுதியில் அணி 17-9 என்று பின்னால் இருக்கிறது. ஆஸ்போர்ன் ப்ரேஸியரைத் திரும்ப உள்ளே அனுப்புகிறார். மியாமி ஆட்கள் இவர் ஓரத்துக்கு ஓடுவாரே என்று பயந்து அகலமாகப் பரவ, நடுவில் புல்பேக் கோரி ஷ்லெசிங்கர் இரண்டு டச் டவுன் அடிக்கிறார். 24-17. ஸ்கோர் போர்டில் ப்ரேஸியர் பெயர் இல்லாத டச் டவுன்கள், ஆனால் அவர் கால்மேல் இருந்த பயம் கொடுத்த டச் டவுன்கள். இதை எந்தப் பட்டியலிலும் போட முடியாது.

ப்ளோரிடாவுக்கு எதிரான ப்ரேஸியரின் அந்த 75 யார்டு ஓட்டம் உண்மையிலேயே அவ்வளவு பெரிதா? ஆட்டம் ஏற்கெனவே முடிந்த கதை அல்லவா?

முடிந்த கதைதான். மூன்றாம் கால்பகுதியின் கடைசி, ஸ்கோர் 42-18, ப்ளோரிடா தற்காப்பு களைத்துப்போயிருந்தது. இதையெல்லாம் ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் வீடியோவை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். கோட்டைத் தாண்டியதும் ஒரு கும்பலுக்குள் போகிறார். அவரைச் சுற்றி நீலச் சட்டைகள், ஒருவர் இடுப்பில், ஒருவர் முதுகில். நேர்முக வர்ணனையாளரே ஆட்டம் நின்றுவிட்டது என்று நினைத்திருக்கலாம். ஆனால் அவர் கால் மட்டும் ஓட்டத்தை நிறுத்தவே இல்லை. ஏழு பேர் பிடியை உதறிக்கொண்டு வெளியே வருகிறார், முன்னால் வெறும் புல்தரை. வேகம் வைத்திருந்தவர்கள் பலர் உண்டு. நின்ற இடத்தில் இடுப்பைப் பிடித்தவனை உதறுகிற பலம் குவார்ட்டர்பேக்குகளிடம் அபூர்வம். ஆட்டம் 62-24 என்று முடிந்தது.

க்ரவுச்சுக்கு 2001இல் ஹைஸ்மன் விருது (கல்லூரி ஆட்டத்தின் சிறந்த வீரருக்கானது) கொடுத்தது தப்பு என்று என் மாமா சொல்வார். உங்கள் கருத்து?

மாமா பாதி சரி. அந்த சீசனில் க்ரவுச் எறிந்த டச் டவுன் 7, எதிரணி பிடித்துக்கொண்டவை 10. இது குவார்ட்டர்பேக்குக்கு அழகான கணக்கு இல்லை. விருது வாக்கெடுப்பில் ப்ளோரிடாவின் ரெக்ஸ் க்ராஸ்மனை 62 புள்ளியில்தான் முந்தினார். கொலராடோவிடம் அணி 62-36 என்று நொறுங்கியதும் அதே சீசன்தான்.

ஆனால் நம் கேள்வி ஓட்டம். மிசௌரிக்கு எதிராக அந்த வருடம் தன் 5 யார்டு கோட்டில் பந்து. எறிவதற்காகப் பின்வாங்கி எண்ட் ஸோனுக்குள்ளேயே (கடைசிக் கோட்டுக்குப் பின்னாலுள்ள பகுதி) போய்விட்டார், ஒருவர் கிட்டத்தட்டப் பிடித்தேவிட்டார், பிடிபட்டிருந்தால் எதிரணிக்கு 2 புள்ளி. நழுவினார். பிறகு மறுகோடி வரை 95 யார்டு. யாரும் பின்னால் நெருங்கவே முடியவில்லை. நேர்கோட்டில் ஓடும் வேகத்தில் நெப்ராஸ்கா வரலாற்றில் இவரை மிஞ்சிய குவார்ட்டர்பேக் இல்லை என்பேன். ஓக்லஹோமா ஆட்டத்தில் இவர் பந்தைக் கொடுத்துவிட்டு ரிசீவராக (எறியும் பந்தைப் பிடிக்கும் ஆளாக) ஓடி, மைக் ஸ்டன்ட்ஸ் எறிந்ததைப் பிடித்து 63 யார்டு டச் டவுன் அடித்தது இன்னொரு ரகம்.

ஆக, கால் என்றால் க்ரவுச். கால், கண், பலம் மூன்றையும் சேர்த்துக் கேட்டால் ப்ரேஸியர். என் ஓட்டு ப்ரேஸியருக்கு.

ஜமால் லார்ட் 2002இல் 1,412 யார்டு. ஒரே சீசனில் இதுதானே அந்தப் பல்கலைக்கழகத்தின் குவார்ட்டர்பேக் சாதனை? ஏன் யாருமே பேசுவதில்லை?

அணி 7 வெற்றி, 7 தோல்வி என்று முடித்ததால். டெக்சாஸுக்கு எதிராகத் தனியாளாக 234 யார்டு ஓடினார், ஆட்டம் 27-24 என்று கைவிட்டுப் போனது. அந்த வருடம் பந்தைக் கொடுக்க வேறு ஆள் இல்லை, இவர் எறிந்ததில் பாதிகூடச் சேரவில்லை. அதனால் எல்லாரும் இவரை மட்டுமே குறிவைத்து நின்றார்கள். நின்றும் 1,412. தவிர, பவுல் ஆட்டம் கணக்கில் சேர்ந்த முதல் வருடம் அது, ஆடியது 14 ஆட்டம். இருந்தாலும் பாவம், கிடைத்த மரியாதை குறைவுதான்.

டெய்லர் மார்ட்டினெஸ்?

2010இல் கான்சாஸ் ஸ்டேட்டுக்கு எதிராக 241 யார்டு, லார்டின் 234ஐத் தாண்டிவிட்டார். அப்போது முதல் வருட ஆட்டக்காரர்! அதே மாதம் கணுக்காலில் அடிபட்டது, அந்தப் பழைய துள்ளல் தினமும் வரவில்லை. 2012இல் நெப்ராஸ்கா ஆடும் லீகான பிக் டென்னின் இறுதியாட்டத்தில் விஸ்கான்சினுக்கு எதிராக அங்குமிங்கும் சுழன்று ஓடிய 76 யார்டைத் தேடிப் பாருங்கள், பிரமாதம். அணி 70-31 என்று தோற்றது, அதை மட்டும் பார்க்காதீர்கள். பந்தை நழுவவிடும் பழக்கம் கடைசிவரை போகவில்லை. என் பட்டியலில் கீழே இறங்கக் காரணம் அதுதான்.

ஸ்காட் ப்ராஸ்டை விட்டுவிட்டீர்களே. பயிற்சியாளராகத் தோற்றார் என்ற கோபமா?

பயிற்சியாளராக 16 வெற்றி, 31 தோல்வி, அது வேறு கதை. ஆட்டக்காரராக 1997இல் ஒரே சீசனில் ஓடியும் எறிந்தும் தலா ஆயிரம் யார்டு தாண்டிய முதல் நெப்ராஸ்கா வீரர் அவர்தான். ஓட்டத்தில் 1,095, டச் டவுன் 19. அழகாக ஓட மாட்டார், முட்டி மோதித்தான் போவார். ஆரஞ்சு பவுலில் பின்னாளில் என்எப்எல் நட்சத்திரமான பேட்டன் மானிங் இருந்த டென்னஸியை 42-17 என்று சாய்த்தார்கள். எனக்கு மூன்றாம் இடம் இவருக்கே. அந்த வருடப் பட்டத்தை மிச்சிகனோடு பங்குபோட்டது சரியா என்று மட்டும் கேட்காதீர்கள், ராத்திரி தூங்க முடியாது.

டர்னர் கில், ஸ்டீவ் டெய்லர் இருவரும் எங்கே?

கில் 1981–83இல் ஆப்ஷனைக் கையாண்ட நேர்த்தியில் ப்ரேஸியருக்குச் சமம், ஆனால் பக்கத்தில் மைக் ரோஸியர் இருக்கும்போது தானே ஓட வேண்டிய தேவை குறைவு. டெய்லர் நல்ல ஓட்டக்காரர், 2,000 யார்டு தாண்டியவர். ஐந்தாம் இடத்துக்கு அவரா லார்டா என்று கேட்டால் நான் நாளுக்கு ஒரு பதில் சொல்வேன்.

இவ்வளவு ஓடியும் ஒருவர்கூட என்எப்எல்லில் குவார்ட்டர்பேக்காக நிலைக்கவில்லையே, ஏன்?

அந்தக் காலத்து என்எப்எல் அவர்களை அந்த இடத்தில் வைத்துப் பார்க்கவே தயாராக இல்லை. க்ரவுச்சை ராம்ஸ் அணி புது வீரர் தேர்வின் மூன்றாம் சுற்றில் எடுத்தது, ரிசீவராக. ப்ராஸ்டை ஜெட்ஸ் எடுத்தது, தற்காப்பில் சேப்டியாக. ரத்த உறைவுக்குப் பயந்து ப்ரேஸியரை யாருமே எடுக்கவில்லை, கனடாவில் கொஞ்ச காலம் ஆடிவிட்டு முடித்துக்கொண்டார். என்எப்எல்லில் ஓடியே பேர் வாங்கிய குவார்ட்டர்பேக் லமார் ஜாக்சன் மாதிரி ஆளுக்காகத் திட்டத்தையே மாற்றி எழுதும் பயிற்சியாளர் 1996இல் கிடைத்திருந்தால்கூட, அந்த மருத்துவ அறிக்கையைத் தாண்டி ப்ரேஸியருக்கு ஒப்பந்தம் நீட்டியிருப்பார்களா என்பது சந்தேகம். க்ரவுச்சுக்கு வாய்ப்பு இருந்திருக்கும்.