டாக்டர் பதில்கள்: பைபாஸுக்கு சென்னை வரலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 62 வயசு, இதய ரத்தக்குழாயில மூண்டு அடைப்பு, பைபாஸ்தான் செய்யோணும் எண்டு சொல்லிட்டினம். இங்க அரசாங்க ஆஸ்பத்திரியில இலவசம், ஆனா காத்திருக்கோணும். கொழும்பு தனியார்ல நிறைய காசு கேக்கினம். சென்னைக்குக் கூட்டிக்கொண்டு வரலாமோ?
- வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: தாராளமா வரலாம்மா. இந்தியாவோட முதல் பைபாஸே 1975-ல நம்ம பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியிலதான் நடந்துச்சு! ஆனா டிக்கெட் போடறதுக்கு முன்னாடி ஆஞ்சியோகிராம் (இதய ரத்தக்குழாயைக் காட்டற படம்) சிடியை அனுப்பி ஒபினியன் கேளுங்க, வெறும் ரிப்போர்ட் பேப்பர் பத்தாது, படத்தைப் பாத்தாத்தான் சர்ஜன் சொல்ல முடியும், சில பேருக்கு ஸ்டென்ட்டே (அடைப்பை விரிச்சு வைக்கிற குட்டி வலைக்குழாய்) போதும்னு கூட ஆகலாம். டூரிஸ்ட் விசால வராதீங்க, மெடிக்கல் விசா எடுங்க, கூட வர்றவங்களுக்கு அட்டெண்டன்ட் விசா தனி.

பேக்கேஜ்னு ஒரு தொகை சொல்வாங்க பாருங்க, அங்கதான் உஷாரா இருக்கணும். ஐசியூ எத்தனை நாள், ரத்தம், மருந்து, நாள் கூடினா எவ்வளவுன்னு எழுதி வாங்கிடுங்க. என் பேஷன்ட் ஒருத்தர் ஆபரேஷன் காசை மட்டும் கணக்குப் போட்டு வந்துட்டு, ரூம் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் திண்டாடிட்டார்.

சிக்கல் இல்லேன்னா ஒரு வாரத்துல டிஸ்சார்ஜ், ஆனா உடனே ஃப்ளைட் ஏறக்கூடாது, இன்னும் ஒண்ணு ரெண்டு வாரம் பக்கத்துலயே தங்கி செக்கப் முடிச்சுட்டு கிளம்புங்க. ஆபரேஷனுக்காக வெட்டின நெஞ்செலும்பு ஒட்டறதுக்கு ரெண்டு மூணு மாசம் ஆகும், அதனால பெட்டியை அப்பா தூக்கவே கூடாது, இருமல் வந்தா தலகாணியை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு இருமச் சொல்லுங்க. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறாரா? அதை எப்ப நிறுத்தணும்னு சர்ஜன்தான் சொல்லணும், நீங்களா நிறுத்திடாதீங்க.