ஊரும் வேலையும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நானும் மனைவியும் சென்னை நாவலூரில் வாடகை வீட்டில் இருக்கிறோம். இருவருக்கும் ஐ.டி. வேலை. என் கம்பெனி கோவைக் கிளைக்கு மாறிக்கொள்ளச் சொல்கிறது. மனைவி அங்கே புதிதாக வேலை தேட வேண்டும். எல்லாரும் கோயம்புத்தூர் நல்ல ஊர் என்கிறார்கள். எதை வைத்து அதை முடிவு செய்வது?
– வாசகர், நாவலூர்

பதில்: பாலக்காட்டுக் கணவாய்க் காற்றையும் சிறுவாணித் தண்ணீரையும் பற்றி இதற்குள் உங்களிடம் எல்லாரும் சொல்லியிருப்பார்கள் தம்பி. இரண்டும் உண்மைதான். ஆனால் காற்று வாங்க யாரும் குடிவருவதில்லை. வேலைக்கு வந்து, அந்த வேலை போன பிறகும் ஊரை விடாமல் இருந்துவிட்டவர்கள் கோவையில் நிறைய. ஏன் இருந்துவிட்டார்கள் என்று பாருங்கள்.

நான் கோவையில் கணபதி என்ற பகுதியில் வளர்ந்தவன். அப்பா டர்னர், லேத்தில் இரும்பு கடைபவர். அவர் வேலை பார்த்த மில் மூடியபோது வீட்டில் கொஞ்ச நாள் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு இரண்டு தெரு தள்ளி ஒரு லேத் பட்டறையில் நின்றார். அந்தத் தெருவில் ஒரு பட்டறையில் பம்ப்புக்கு ஷாஃப்ட் கடைவார்கள், எதிர்ப் பட்டறையில் அதற்குக் கீவே என்ற பள்ளம் வெட்டுவார்கள். முனையில் பேரிங் கடை, அதை ஒட்டி டீக்கடை. யார் ஜாப் ஒர்க் கொடுக்கிறார்கள், எங்கே ஆள் வேண்டும், யாரிடம் காசு இழுக்கும் என்பதெல்லாம் அந்த டீக்கடை பெஞ்சில் பேச்சோடு பேச்சாகத் தெரிந்துவிடும்.

இப்படி ஒரு தெரு உருவாக நூறு வருஷம் பிடித்தது. 1888-ல் ஸ்டேன்ஸ் மில். 1930-களில் நீலகிரியிலிருந்து பைக்காரா மின்சாரம் வந்ததும் வரிசையாக மில்கள். மில் மெஷினைப் பழுதுபார்க்கப் பட்டறைகள் வந்தன. கிணற்றுப் பாசனத்துக்கு மோட்டாரும் பம்ப்பும் செய்தார்கள், அவற்றுக்காக இரும்பை உருக்கி வார்க்கும் ஃபவுண்டரிகள் வந்தன. படித்த ஆள் கிடைக்க 1945-ல் இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி, 1951-ல் பி.எஸ்.ஜி. டெக். ஒரு தொழில் படுத்தால் பக்கத்துத் தொழில் ஆளை எடுத்துக்கொண்டது.

ஆகவே உங்கள் கம்பெனிக்குக் கோவையில் கிளை இருப்பது பெரிய விஷயமில்லை. நாளைக்கு அந்தக் கிளையை மூடினால் அதே ஊரில் போய்ச் சேர நாலு இடம் உண்டா? உங்கள் துறையில் விசாரியுங்கள். உங்கள் மனைவிக்கும் இதே கேள்விதான், அவருக்கு இன்னும் அவசரமான கேள்வி. சரவணம்பட்டியிலோ பீளமேடு டைடல் பார்க் பக்கமோ அவருக்கு வேலை உறுதியாகி ஆர்டர் கைக்கு வரும்வரை நாவலூர் வீட்டைக் காலி செய்யாதீர்கள். ஒருவர் மாற்றலுக்காக மற்றவர் வேலையை விடுவது அந்த நேரத்தில் சின்ன விஷயமாகத் தெரியும். அந்த மனக்குறை பல வருஷம் வீட்டுக்குள்ளேயே கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

வீடு பார்க்கும்போது குழாயில் வருவது சிறுவாணித் தண்ணீரா, பில்லூர் அணைத் தண்ணீரா, எத்தனை நாளைக்கு ஒரு தடவை என்று கேளுங்கள். வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டாம், பக்கத்து வீட்டம்மாவிடம் கேளுங்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் இருவருமாக அந்தத் தெருவில் நடந்து பாருங்கள். மளிகைக்கடை திறந்திருந்து, பெண்கள் தனியாக நடந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தால் தாராளமாக அட்வான்ஸ் கொடுக்கலாம்.

கேள்வி: எங்கள் ஊரைச் சுற்றி இத்தனை தொழிற்சாலைகள். ஆனால் அங்கே வேலை பார்க்கும் ஆபீசர்கள் யாரும் இங்கே குடிவருவதில்லை, கம்பெனி பஸ்ஸில் சென்னையிலிருந்து வந்து போகிறார்கள். எங்கள் ஊருக்கு என்ன குறை?
– வாசகி, ஸ்ரீபெரும்புதூர்

பதில்: இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-ல் கார் செய்யத் தொடங்கியது. நிலம், மின்சாரம், துறைமுகத்துக்குச் சாலை எல்லாம் தொழிற்சாலைக்காகக் கணக்குப் போட்டு வந்தன. அங்கே வேலைக்கு வருகிற மனிதருக்காக அதே அக்கறையோடு யாரும் கணக்குப் போடவில்லை, எனக்கு இதில் இன்றைக்கும் ஆதங்கம் உண்டு அம்மா. ஆண்பிள்ளை தனியாக வேலைக்கு வந்துவிடுவார். குடும்பம் வர வேண்டுமானால் பிள்ளைக்கு நல்ல பள்ளிக்கூடம், நடுராத்திரி காய்ச்சலுக்கு ஒரு டாக்டர், மனைவிக்கும் ஒரு வேலை வேண்டும். ஒன்று இடித்தாலும் போரூரிலேயே இருந்துவிடுவார்கள்.

2024-ல் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பைத் திறந்தார்கள். ஒரே அறையில் நெருக்கிப் படுத்த பெண்களுக்கு இது பெரிய ஆறுதல், மனதார வரவேற்கிறேன். ஆனால் ஷிப்ட் முடிந்து வருகிற இருபது வயதுப் பெண்ணுக்கு நடந்து போக ஒரு கடைத்தெரு, உட்கார ஒரு பூங்கா, ஞாயிற்றுக்கிழமை போக ஒரு நூலகம் வேண்டாமா? 2021 முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. ஷிப்ட் விடும் நேரத்துக்கு அந்த பஸ் வருகிறதா என்று பார்த்து, வராவிட்டால் ஊரார் கையெழுத்தோடு மனுக் கொடுங்கள். அங்கிருந்து தொடங்கலாம்.

கேள்வி: ரிட்டயர் ஆனதும் கோத்தகிரியில் வீடு வாங்கிக் குடியேற ஆசை. செய்யலாமா?
– வாசகர், ஈரோடு

பதில்: மே மாதக் குளிரில் மயங்கி அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். 2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்து பல உயிர்கள் போயின, சாலைகள் துண்டித்துக் கிடந்தன. பெரிய ஆஸ்பத்திரிக்கு மலைப்பாதையில் மேட்டுப்பாளையம் இறங்கி, கோவை போக வேண்டியிருக்கும். நவம்பரில் ஒரு மாதம் வாடகைக்கு இருந்து பாருங்கள். அப்படியும் பிடித்திருந்தால், மலைப்பகுதியில் வீடு கட்ட விதிகள் கடுமை என்பதால், பத்திரம் போடுமுன் அந்த வீட்டின் கட்டட அனுமதியை விற்பவரிடம் கேட்டு வாங்கி வக்கீலிடம் காட்டிவிடுங்கள்.