மயங்கியது ரத்தத்துக்கா, சத்தத்துக்கா?

கேள்வி: ‘ஸ்க்ரீம்’ தொடரின் புதிய பாகத்தைத் தியேட்டரில் பார்த்தபோது, கத்திக்குத்துக் காட்சியில் வியர்த்து, காது அடைத்து, கண் இருட்டி மயங்கிவிட்டேன். கை இரண்டு மூன்று முறை வெட்டியதாம். அரை நிமிடத்தில் தெளிந்துவிட்டேன். வலிப்பா? திகில் படம் பார்த்தால் ரத்தம் உறையும் என்று நெட்டில் படித்ததால் தினமும் ஆஸ்பிரின் 75 மி.கி. போடுகிறேன். குமட்டலுக்குக் கேஸ் மாத்திரையும். தாய்மாமா 29 வயதில் தூக்கத்திலேயே இறந்தவர் என்பதால் அம்மா பயப்படுகிறார். அடுத்த வாரம் தோழிகளோடு மறுபடி போகலாமா? (பெண், வயது 23)

பதில்: நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் வலிப்பாகத் தெரியவில்லை. வலிப்பில் நாக்கின் ஓரம் கடிபடலாம். எழுந்த பிறகும் பல நிமிடம் குழப்பம் இருக்கும். மூளைக்கு ரத்தம் குறையும் சில நொடிகளில் யாருக்கும் கை வெட்டலாம். சீட்டிலேயே நிமிர்த்திப் பிடித்திருந்தால் இன்னும் கூடும். தரையில் படுக்கவைத்துக் காலைத் தூக்கினால் போதும். கையில் சாவிக்கொத்தும் வேண்டாம், வாயில் தண்ணீரும் வேண்டாம்.

மற்ற பயங்களில் ரத்த அழுத்தம் ஏறும். ரத்தத்தைக் கண்டு வரும் பயத்தில் மட்டும் முதலில் ஏறி, பிறகு துடிப்பும் அழுத்தமும் சேர்ந்து சரியும். உங்களுக்கு வந்த வியர்வை, காது அடைப்பு, கண் இருட்டு எல்லாம் அந்தச் சரிவுதான். இதயம் பலவீனம் என்று அர்த்தமில்லை.

ஆனால் தாய்மாமாவைப் பற்றிய அந்த ஒரு வரியை என்னால் தாண்டிப் போக முடியவில்லை. இளவயதில், காரணம் தெரியாமல், தூக்கத்தில் நேர்ந்த மரணம் என்றால் ‘நீள் க்யூடி’ என்ற பரம்பரைக் கோளாறு குடும்பத்தில் இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயத்தின் மின்னோட்டம் பழைய நிலைக்குத் திரும்ப அதிக நேரம் எடுக்கும் நோய் இது. இதன் இரண்டாம் வகையில், திடீர்ச் சத்தமே இதயத்தைத் தாறுமாறாகத் துடிக்க வைக்கும். அலாரம், டெலிபோன் மணி போன்றவை பாடப்புத்தக உதாரணங்கள். 1996இல் வந்த ‘ஸ்க்ரீம்’ முதல் பாகமே டெலிபோன் மணியில்தான் தொடங்குகிறது.

வித்தியாசம் இதுதான். ரத்த மயக்கம் சொல்லிக்கொண்டு வரும். நீள் க்யூடி மயக்கம் வியர்வை, கண் இருட்டு எதுவும் இல்லாமல், சத்தம் கேட்ட கணமே ஆளைச் சாய்க்கும். ஓடும்போதோ நீந்தும்போதோ மயங்குவதும் இதே அளவு ஆபத்து. உங்களுக்கு வந்தது ரத்த மயக்கம் போலத் தெரிகிறது. ஆனாலும் இந்த வாரமே 12 லீட் இசிஜி எடுங்கள். ‘நார்மல்’ என்று மெஷின் அச்சிட்டதோடு விடாமல், க்யூடிசி (துடிப்பின் வேகத்துக்கு ஏற்பத் திருத்திய க்யூடி நேரம்) அளவை டாக்டர் கையால் அளக்கட்டும். பெண்களுக்கு 460 மில்லி செகண்டைத் தாண்டினால் இதய மருத்துவரிடம் போக வேண்டும். 500ஐத் தாண்டினால் அன்றே. அளவு சரியாக இருந்தாலும், மாமாவின் கதையை அவரிடம் ஒருமுறை சொல்லுங்கள். ஒரே இசிஜியில் இது பிடிபடாமலும் போகலாம். அம்மாவுக்கும் எடுக்க வேண்டும். மாமா அவர் உடன்பிறந்தவர் அல்லவா?

மெடிக்கலில் கேட்டு வாங்கிய கேஸ் மாத்திரையின் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். டோம்பெரிடோன் என்றிருந்தால் நிறுத்துங்கள். க்யூடியை நீட்டுகிற மருந்து அது. சளிக்கு நீங்களாக வாங்கும் அசித்ரோமைசினும் அப்படித்தான்.

ஆஸ்பிரினையும் இன்றோடு விடுங்கள். நெட்டில் நீங்கள் படித்தது நெதர்லாந்தின் லைடனில் 24 இளைஞர்களை வைத்துச் செய்த ஆய்வாக இருக்கும். திகில் படம் பார்த்தபோது ரத்தம் உறைய உதவும் ‘காரணி எட்டு’ என்ற புரதம் கொஞ்சம் ஏறியது, ரத்தம் உறையவில்லை. இதற்கு வயிற்றைப் புண்ணாக்கிக்கொள்வீர்களா?

இசிஜி முடிவு வரும்வரை தியேட்டர் வேண்டாம். சரியாக இருந்தால் போகலாம், பழகிக்கொண்டு. கை, தொடை, வயிற்றுத் தசைகளை 10 முதல் 15 நொடி இறுக்குங்கள். முகத்தில் சூடு ஏறுவது தெரியும். பிறகு 20 முதல் 30 நொடி தளர்த்துங்கள், தொய்ந்துவிடாமல். ஐந்து முறை. மூச்சை அடக்கக் கூடாது. பலர் தவறுவது இங்கேதான். தசையை இறுக்கும்போது ரத்த அழுத்தம் ஏறுவதால் மயக்கம் தள்ளிப்போகும். தினமும் ஐந்து தடவையாக ஒரு வாரம் பழகினால், கத்தி திரைக்கு வரும்போதே உடம்பு தானாக இறுகும். வெறும் வயிற்றோடு போகாதீர்கள். படத்துக்கு அரை மணி முன்பு அரை லிட்டர் தண்ணீர் குடியுங்கள். கண் இருட்டத் தொடங்கினால் எழுந்து பாத்ரூமுக்கு ஓடாதீர்கள். படிக்கட்டில் விழுந்து மண்டை உடைவது அப்போதுதான். ஓரச் சீட்டாக எடுங்கள், நடைபாதையில் படுக்க இடம் இருக்கும்.